பாய்மரப்படகைத் தரையேற்றி வைப்பது எப்படி? முதல் முறை செய்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

படகு வாங்கிய முதல் ஆண்டு, பருவம் முடிந்ததும் அதைத் தூக்கித் தரையில் வைக்க ஒரு சனி ஞாயிறு போதும் என்று நானும் என் கணவரும் நினைத்திருந்தோம். நான்கு வாரம் ஆனது. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தபோது, நாங்கள் செய்த வேலைகளில் பெரும்பாலானவை சரியாகத்தான் இருந்தன. வரிசைதான் தவறியிருந்தது.

இந்தச் சமயத்தில் படகுக்கு மூன்று நிலைகள் உண்டு: தண்ணீரில் மிதப்பது, கிரேன் பட்டையில் தொங்குவது, தரையில் நிற்பது. ஒவ்வொரு வேலைக்கும் இந்த மூன்றில் ஒன்றுதான் ஏற்ற நேரம். அதைத் தவறவிட்டால் அதே வேலை மூன்று மடங்கு நேரம் தின்னும், சில வேலைகளைச் செய்யவே முடியாமல் போகும். கீழே எல்லாவற்றையும் அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

எங்களுடையது சுமார் 10 மீட்டர் நீளம், நிலையான கீல் (படகின் அடியில் கீழே நீளும் கனமான பகுதி), உள்ளே டீசல் இன்ஜின். உறைபனி விழும் இடத்தில் படகு வைத்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். புயல் பருவத்துக்காகப் படகை ஏற்றி வைப்பவர்கள் உறைதல் பற்றிய பகுதிகளை விட்டுவிட்டு மற்றதை எடுத்துக்கொள்ளலாம்.

1. இரண்டு மாதம் முன்பே இடத்தைப் பிடியுங்கள்

பருவம் முடியும் வாரங்களில் எல்லோரும் ஒரே நேரத்தில் யார்டை, அதாவது படகுகளைத் தூக்கித் தரையில் வைக்கும் இடத்தை, அழைப்பார்கள். முதல் உறைபனிக்கு எதிர்பார்க்கும் தேதியிலிருந்து குறைந்தது மூன்று வாரம் முன்னால் தூக்கும் நாள் அமையட்டும். தூக்கிய பிறகும் உங்களுக்கு வேலை இருக்கிறது, அதற்கு இடைவெளி வேண்டும்.

முன்பதிவு செய்யும்போது நீளம், அகலம், தண்ணீருக்குள் இருக்கும் ஆழம், எடை ஆகிய நான்கையும் கேட்பார்கள். நீளத்தில்தான் நாங்கள் மாட்டிக்கொண்டோம். பதிவுச் சான்றிதழில் இருந்த உடல் நீளத்தைச் சொல்லிவிட்டோம். தூக்கும் நாளில் யார்டு ஆள் டேப்பை எடுத்து, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த நங்கூரத்தின் நுனியில் தொடங்கி, பின்னால் சிறுபடகு தொங்கும் கம்பிகளின் நுனிவரை அளந்தார். ஒரு மீட்டருக்கு மேல் கூடிவிட்டது, கட்டணமும் அதற்கேற்ப ஏறியது. பெரும்பாலான யார்டுகள் மொத்த நீளத்துக்குத்தான் கட்டணம் வாங்கும். நங்கூரத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு நீங்களே ஒருமுறை அளந்து பார்த்துவிடுங்கள்.

எடையைச் சொல்லும்போது தயாரிப்பாளர் கொடுத்த எண்ணை அப்படியே சொல்லாதீர்கள். அது காலிப் படகின் எடை. தண்ணீர், டீசல், சங்கிலி, சாமான்கள் எல்லாம் அதற்கு மேல்.

இன்னொரு கேள்வியையும் அப்போதே கேளுங்கள்: "அடுத்த பருவம் எங்கள் படகு எந்த வரிசையில் இறங்கும்?" முதலில் ஏறிய படகு பல யார்டுகளில் கடைசி மூலைக்குப் போய்விடும். முன்னால் நிற்பவை இறங்கும்வரை உங்களுடையது நகராது. சீக்கிரம் இறக்க வேண்டும் என்றால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

2. ஒப்பந்தத்தையும் காப்பீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்

யார்டு பொதுவாகக் கேட்கும் ஆவணங்கள்: படகின் பதிவுச் சான்றிதழ் அல்லது உரிமை ஆவணம், உங்கள் அடையாள அட்டை, மூன்றாம் நபர் இழப்பீடு உள்ளடங்கிய காப்பீட்டுச் சான்றிதழ், அவசரத்துக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண், சில இடங்களில் ஒரு செட் சாவி. வெளிநாட்டில் படகை விட்டுவிட்டு வருபவர்கள் சுங்கத்தின் தற்காலிக இறக்குமதி அனுமதி எந்தத் தேதிவரை என்று பார்க்க வேண்டும். தரையில் நிற்கும் மாதங்களும் அதில் கணக்கில் சேருமா என்பதைச் சுங்க அலுவலகத்திலேயே கேட்டுவிடுங்கள்.

காப்பீட்டில் பலர் கவனிக்காத ஒரு விதி இருக்கிறது. பல பாலிசிகளில் படகு 'ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும்' காலம் என்று இரண்டு தேதிகள் இருக்கும். அந்த இடைவெளியில் படகு தரையில் இருக்கும் என்ற நம்பிக்கையில் பிரீமியம் குறைத்திருப்பார்கள். அந்தத் தேதி முடிவதற்குள் வானிலை நன்றாக இருக்கிறதே என்று படகை இறக்கினால், தண்ணீரில் நடப்பதற்குக் காப்பீடு இல்லை. முட்டுகளைச் சங்கிலியால் பிணைக்க வேண்டும், பாய்களைக் கழற்ற வேண்டும் போன்ற நிபந்தனைகளும் சிலவற்றில் இருக்கும்.

யார்டு ஒப்பந்தத்தில் தேட வேண்டியவை: நீங்களே வேலை செய்ய அனுமதி உண்டா, வெளி மெக்கானிக் வரலாமா, அவருக்குத் தனிக் காப்பீடு வேண்டுமா, தரையில் நிற்கும் படகில் இரவு தங்கலாமா, வாடகை பாக்கி இருந்தால் யார்டு என்ன செய்யும், புயலில் சாய்ந்தால் பொறுப்பு யாருடையது. எங்கள் ஒப்பந்தத்தில் அடிப்பெயின்ட் சுரண்ட அனுமதி இல்லை. சுரண்டும் கருவியையும் முகமூடிகளையும் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் அந்த வரியைப் படித்தோம்.

3. செலவை முழுதாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்

'மாத வாடகை எவ்வளவு' என்று மட்டும் கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும். தூக்குவது, அடிப்பகுதியைக் கழுவுவது, முட்டுக் கொடுத்து நிறுத்துவது, பாய்மரத்தைக் கழற்றுவது, அதை வைக்க இடம், தரை வாடகை, மின்சாரம், கழிவை அகற்றும் கட்டணம், மறுபடி பாய்மரம் நிறுத்துவது, தண்ணீரில் இறக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் தனி வரி கேளுங்கள். தூக்கும் கட்டணத்தில் திரும்ப இறக்குவதும் அடங்குமா என்பதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். குறித்த தேதியைத் தாண்டினால் நாள் வாடகை வேறு கணக்கில் ஏறும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் கைச்செலவு தனி: இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர்கள், உறைதடுப்புத் திரவம், இம்பெல்லர் (இன்ஜினுக்குக் குளிர்விக்கும் தண்ணீரை இழுக்கும் ரப்பர் சக்கரம்), ஜிங்க் கட்டிகள் (மற்ற உலோகங்கள் அரிக்காமல் தாம் கரைபவை), தார்ப்பாய், கயிறு. உறைதடுப்புத் திரவத்தை நினைப்பதைவிட இரண்டு கேன் கூடுதலாக வாங்குங்கள். நடுவில் தீர்ந்துபோனால் வேலை அன்றைக்கு அங்கேயே நின்றுவிடும்.

4. மிதக்கும்போதே முடிக்க வேண்டியவை

பாய்களை முதலில் இறக்குங்கள். உப்பு போக நல்ல தண்ணீரில் அலசி, முழுதாகக் காயவைத்து, பிறகுதான் மடிக்க வேண்டும். காற்றில்லாத வறண்ட நாள் ஒன்று இதற்கு வேண்டும், அது நீங்கள் கேட்கும் நாளில் வராது. ஆகவே தூக்கும் நாளுக்கு இரண்டு வாரம் முன்பே வானிலையைப் பார்க்கத் தொடங்குங்கள். சுருட்டிய முன்பாயை அப்படியே கம்பியில் விட்டுவிட்டுப் போகவே கூடாது. புயல் காற்றில் சுருள் அவிழ்ந்துகொண்டால் பாய் கிழியும். அதைவிட மோசமாக, தரையில் நிற்கும் படகையே அது சாய்த்துவிடும். தையல் வேலை இருந்தால் இப்போதே தைப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பருவம் தொடங்கும் மாதத்தில் அவரிடம் பாய்கள் குவிந்து கிடக்கும்.

கழிவுத் தொட்டியை மிதக்கும்போதே, கழிவு உறிஞ்சும் பம்பு இருக்கும் துறைக்குப் போய்க் காலி செய்யுங்கள். நாங்கள் "தரையில் வைத்துச் செய்துகொள்ளலாம்" என்று ஒத்திவைத்தோம். தரையில் அந்த வசதி இல்லை. முக்கால் நிறைந்த தொட்டியை, கைப்பம்பை வைத்துக் கேன் கேனாக எடுத்து, ஏணியில் இறக்கி, யார்டின் மறுகோடிவரை சுமந்தோம். அதில் ஒரு முழு ஞாயிறு போயிற்று.

டீசல் தொட்டியை ஏறக்குறைய நிரப்பிவிடுங்கள், விரிவதற்குச் சிறிது இடம் விட்டால் போதும். காலி இடம் அதிகமாக இருந்தால் உள்ளே ஈரம் படிந்து தண்ணீர் சேரும். டீசலுக்கும் தண்ணீருக்கும் இடையே நுண்ணுயிர்கள் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். அதைத் தடுக்கும் மருந்தை ஊற்றி, மருந்து கலந்த டீசல் இன்ஜின்வரை போகும்படி கொஞ்ச நேரம் ஓட்டுங்கள்.

இன்ஜின் ஆயிலையும் இப்போதே மாற்றுங்கள். பழைய ஆயிலில் எரிபொருள் எரிந்து உண்டான அமிலங்கள் கலந்திருக்கும், மாதக்கணக்கில் அது உள்ளே நிற்கக் கூடாது. சூடாக இருக்கும்போதுதான் ஆயில் நன்றாக இறங்கும். படகு மிதந்தால் இன்ஜினைச் சூடாக்கச் சாவியைத் திருப்பினால் போதும். தரையில் என்றால் குளிர்விக்கும் தண்ணீருக்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

குடிநீர்த் தொட்டியையும் இப்போதே திறந்து காலி செய்துவிடுங்கள். அத்தனை லிட்டரையும் கிரேன் தூக்க வேண்டியதில்லை.

5. பாய்மரத்தை இறக்குவதாக இருந்தால்

இரண்டு நாள் முன்பே எல்லாப் பின்களிலும் ஊடுருவும் எண்ணெய் விட்டு, இறுகியதைத் தளர்த்தி வையுங்கள். கிரேன் காத்திருக்கும்போது இடுக்கியோடு போராடினால் அந்த நேரத்துக்கும் பில் வரும். ஒவ்வொரு தாங்குகம்பியின் முறுக்கியிலும் திருகு எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதை அளந்து, டேப்பில் எழுதி ஒட்டி, புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பருவம் மரத்தை நேராக நிறுத்த அந்த அளவுகள்தான் உதவும்.

மரத்தின் அடியில் மின்கம்பிகளின் இணைப்புகள் எத்தனை என்று எண்ணிக்கொள்ளுங்கள். நாங்கள் விளக்குகள், காற்றுமானி என்று நான்கு இணைப்புகளைக் கழற்றிவிட்டோம். ரேடியோ ஆன்டெனாவின் கேபிள் தளத்துக்குக் கீழே, உட்கூரைப் பலகைக்குப் பின்னால் போயிருந்தது. கிரேன் மெல்லத் தூக்கியபோது உள்ளே இருந்து பலகை முறியும் சத்தம் கேட்டது. என் கணவர் "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்த, ஆபரேட்டர் உடனே நிறுத்தினார். ஒரு பலகையும் ஒரு கேபிளும் போனதோடு தப்பித்தோம். மரத்திலிருந்து இறங்கும் ஒவ்வொரு கேபிளையும் அதன் மறுமுனைவரை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள்.

மரத்தை நிறுத்தியே வைப்பதாக இருந்தால், பாய் ஏற்றும் கயிறுகளை மரத்திலிருந்து விலக்கிக் கட்டுங்கள். இல்லாவிட்டால் குளிர்காலம் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும், பெயின்டும் போகும், கயிறும் தேயும்.

6. தூக்கும் நாள்

டிராவல் லிஃப்ட் என்பது இரண்டு அகலப் பட்டைகளால் படகைத் தூக்கும் நடமாடும் கிரேன். பட்டை எங்கே உட்காரலாம், எங்கே உட்காரக் கூடாது என்று ஆபரேட்டருக்குத் தண்ணீருக்கு மேலே நின்று தெரியாது. புரொப்பெல்லர் தண்டு, சுக்கான், வேகமானியின் சிறு சக்கரம் ஆகியவற்றின் மேல் பட்டை விழக் கூடாது. படகின் பக்கவாட்டுப் படம் ஒன்றை அச்சிட்டு, இடங்களைக் குறித்து, கையில் கொடுங்கள். தூக்கி முடித்த பிறகு பட்டை சரியாக உட்கார்ந்த இடத்தில் தளத்தின் விளிம்பில் அடையாளம் ஒட்டிவிட்டால் அடுத்த ஆண்டு கவலை இல்லை. வேகமானிச் சக்கரத்தை முன்பே உருவி, அதற்குரிய மூடியைப் போட்டுவிடுங்கள். பின்பக்கத் தாங்குகம்பியைக் கழற்ற வேண்டிவருமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

படகு மேலே வந்ததும் அங்கேயே கழுவச் சொல்லுங்கள். கொட்டலசும் பாசியும் ஈரமாக இருக்கும்போது அழுத்தத் தண்ணீரில் உதிர்ந்துவிடும், காய்ந்துவிட்டால் சிமென்ட் மாதிரி. "சாப்பிட்டு வந்து பார்த்துக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம்.

அந்த ஈரத்தோடு அடிப்பகுதியை முழுக்கப் புகைப்படம் எடுங்கள்: கீல் இணையும் கோடு, சுக்கான், புரொப்பெல்லர், ஜிங்க் கட்டிகள், எங்காவது கொப்புளம் தெரிந்தால் அது. ஜிங்க் பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். உப்புத் தண்ணீருக்கு ஜிங்க், நன்னீருக்கு மெக்னீசியம், இரண்டுக்கும் இடைப்பட்ட தண்ணீருக்கு அலுமினியம் என்பது பொது வழக்கம்.

7. தரையில் நிற்கவைப்பது

படகின் எடை கீலின் அடியில் இருக்கும் கட்டைகளின் மேல்தான் நிற்கிறது. பக்கவாட்டு முட்டுகள் சாயாமல் பிடிப்பதற்கு மட்டும். எதிரெதிர் முட்டுகளைக் கீலுக்குக் கீழே சங்கிலியால் பிணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். மண் தரையானால் முட்டின் காலடியில் ப்ளைவுட் பலகை இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழையில் கால் புதைந்து பிடி தளரும். முட்டுகள் எதையும் நீங்களே தளர்த்தாதீர்கள், ஒரு நிமிடத்துக்குக்கூட வேண்டாம். பெயின்ட் அடிக்க இடம் வேண்டுமானால் யார்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

பட்டையைக் கழற்றுவதற்கு முன் படகு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். காக்பிட்டின் (படகை ஓட்ட உட்காரும் திறந்த பள்ளம்) வடிகால் பெரும்பாலும் அதன் பின்கோடியில் இருக்கும், அதனால் அணியம், அதாவது படகின் முன்பகுதி, சிறிது உயர்ந்திருக்க வேண்டும். எங்கள் படகை அணியம் தாழ்ந்தபடி நிறுத்திவிட்டார்கள். லிஃப்ட் அடுத்த படகுக்குப் போன பிறகுதான் கவனித்தோம். முதல் மழையில் காக்பிட் நிரம்பித் தண்ணீர் கதவு இடுக்கு வழியே உள்ளே இறங்கியது. மறுபடி தூக்கிச் சரிசெய்ய இன்னொரு கட்டணம்.

ஏணியை மேலே கயிற்றால் கட்டாமல் யாரும் ஏறக் கூடாது. தளம் தரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒருநாள் மாலை நாங்கள் இருவரும் மேலே இருந்தபோது காற்றில் ஏணி சறுக்கிக் கீழே விழுந்தது. யார்டில் வேறு யாரும் இல்லை. இருவருடைய கைபேசியும் காரில். பாய்க்கயிற்றில் முடிச்சுகள் போட்டு இறங்கலாமா என்று என் கணவர் கேட்டார். நான் விடவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து இரவுக் காவலர் சுற்றி வந்தபோது குரல் கொடுத்து இறங்கினோம். அன்று விழுந்தது ஏணி மட்டும்தான் என்பதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். கட்டுங்கள். கைபேசி சட்டைப்பையில் இருக்கட்டும்.

8. தண்ணீர்ப் பாதைகள்

உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரியும். இன்ஜினில், குழாயில், வால்வில் எங்கே தங்கியிருந்தாலும் அந்த இடத்தை வெடிக்கவைக்கும்.

உறைதடுப்புத் திரவத்தில் புரோப்பிலீன் கிளைகோல் வகையை வாங்குங்கள். கார்களில் ஊற்றும் எத்திலீன் கிளைகோல் நஞ்சு, குடிநீர்க் குழாய்க்குள் அது போகவே கூடாது. கேனில் பெரிதாக அச்சிட்டிருக்கும் குளிர் அளவு பெரும்பாலும் குழாய் வெடிக்காமல் இருக்கும் எல்லை. அதற்கு வெகு முன்பே திரவம் கூழாகத் தொடங்கிவிடும். அந்த எண் எந்த அளவுகோலில் என்பதையும் பாருங்கள்: -50 ஃபாரன்ஹீட் என்றால் சுமார் -46 செல்சியஸ். தண்ணீர் கலந்து நீட்டிக்கலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் தண்ணீரே அதைக் கொஞ்சம் நீர்க்கச் செய்துவிடும்.

இன்ஜின்: கடல்நீர் உறிஞ்சும் குழாயைக் கழற்றி ஒரு வாளி நல்ல தண்ணீரில் விட்டு, இன்ஜினை ஓட்டி உப்பை அலசுங்கள். அப்புறம் வாளியில் உறைதடுப்புத் திரவம். ஒருவர் உள்ளே ஊற்ற, இன்னொருவர் புகைக்குழாய் முனையில் நிற்க வேண்டும். வெளியே வருவது திரவத்தின் நிறத்தில் அடர்த்தியாக வரும்வரை ஊற்ற வேண்டும். இன்ஜின் சத்தத்தில் ஒருவர் கத்துவது மற்றவருக்குக் கேட்காது. நான் "போதும்" என்றது அவருக்கு "ஊத்தணும்" என்று கேட்டது, இரண்டு கேன் தரையில் போயிற்று. கைச்சாடையை முன்பே பேசி வையுங்கள். வெளியேறுவதைப் பிடிக்க ஒரு தொட்டியும் வேண்டும். நன்னீர்ச் சுற்று தனியாக இல்லாமல் கடல்நீரே நேராக இன்ஜினைக் குளிர்விக்கும் வகையானால், தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்கு இன்ஜின் சூடாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் திரவம் உள்ளே நுழையாமல் சுற்றிக்கொண்டு வந்துவிடும்.

இது முடிந்த பிறகுதான் இம்பெல்லரைக் கழற்ற வேண்டும். கழற்றியதும் அதைச் சாவியோடு சேர்த்துக் கட்டுங்கள்.

குடிநீர்க் குழாய்கள்: தண்ணீர் சூடாக்கும் தொட்டியைக் காலி செய்து, அதன் உள், வெளி குழாய்களை ஒன்றோடொன்று இணைத்து அதைத் தவிர்த்துவிடுங்கள். நாங்கள் தவிர்க்கவில்லை. ஐந்து கேன் உள்ளே போயும் சுடுதண்ணீர்க் குழாயில் நிறம் வரவில்லை, எல்லாம் அந்தத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. தவிர்த்த பிறகு திரவத்தைப் பம்பு வழியே அனுப்பி, தூரத்துக் குழாயில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்து நிறம் வரும்வரை விடுங்கள். ஷவரையும், பின்தளத்தில் கால் கழுவும் குழாயையும் மறக்காதீர்கள். கழிப்பறையிலும் திரவம் ஓடட்டும்.

அடிவால்வுகள் (படகின் அடியில் தண்ணீர் வந்துபோகும் துளைகளை மூடித் திறப்பவை): பந்து வகை வால்வை மூடினால் பந்துக்குள் கொஞ்சம் தண்ணீர் சிக்கிக்கொள்ளும், அது உறைந்து வால்வைப் பிளக்கும். படகு தரையில் இருக்கும்போது திறந்து வடியவிட்டு, கொஞ்சம் திரவம் ஊற்றி, ஒரு முறை மூடித் திறந்துவிடுங்கள். பில்ஜில் (படகின் உட்புற அடிப்பள்ளம்) தேங்கியதைத் துணியால் துடைத்து எடுங்கள்.

9. உள்ளே

ஈய அமிலப் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, இணைப்பைக் கழற்றி வையுங்கள். முழுச் சார்ஜில் அது சுமார் -60 செல்சியஸ்வரை உறையாது, இறங்கிப்போன பேட்டரி -10க்கு முன்பே உறைந்துவிடும். லித்தியம் பேட்டரிக்குப் பாதிச் சார்ஜ் நல்லது. பூஜ்ஜியத்துக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

உணவு எதுவும் வேண்டாம், டின்கள்கூட. மெத்தைகளை வீட்டுக்கு எடுத்துப் போக முடியாவிட்டால் செங்குத்தாக நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜையும் எல்லா அலமாரிகளையும் திறந்து வையுங்கள். கேஸ் சிலிண்டரை இறக்கிவிடுங்கள்.

10. தார்ப்பாய்

நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும்படி ஒரு சட்டம் கட்டி, அதன் மேல் போடுங்கள். தட்டையாகப் போட்டால் மழைநீர் தேங்கித் தொய்யும். முன்னும் பின்னும் காற்றுப் போக வழி விடுங்கள், முழுதாக மூடினால் உள்ளே பூஞ்சை. தார்ப்பாயின் கயிற்றை முட்டுகளில் எக்காரணம் கொண்டும் கட்டாதீர்கள். காற்றில் தார்ப்பாய் பாய் போலப் புடைத்து முட்டுகளை உருவிவிடும். கயிறுகள் படகின் அடியில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகட்டும்.

11. இறக்கும் நாளுக்கான தாள்

எல்லாம் முடித்த அன்றே, நினைவு புதிதாக இருக்கும்போது எழுதுங்கள்: இம்பெல்லர் இல்லை, வால்வுகள் திறந்திருக்கின்றன, வேகமானித் துளையில் மூடி, சூடாக்கும் தொட்டி தவிர்க்கப்பட்டிருக்கிறது, பேட்டரி இணைப்பு இல்லை. ஒரு படியை ஸ்டியரிங்கில் கட்டுங்கள், இன்னொன்று வீட்டில்.

இறக்கும் நாளில், படகு தண்ணீரைத் தொட்டதும் பத்து நிமிடம் பட்டையிலேயே நிறுத்தி வைக்கும்படி ஆபரேட்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் இருவரும் உள்ளே இறங்கி, ஆளுக்கொரு பக்கமாக எல்லா அடிவால்வுகளையும், வேகமானித் துளையையும், புரொப்பெல்லர் தண்டு வெளியேறும் இடத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்டின் மூடி சொட்டாத பெல்லோஸ் (துருத்தி போல மடிப்புகள் கொண்ட ரப்பர் உறை) வகையானால், அதைக் கையால் அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றித் தண்ணீர் வரவிடுங்கள். இன்ஜினை ஓட்டிப் புகைக்குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். அதற்குப் பிறகுதான் பட்டையைத் தளர்த்தச் சொல்ல வேண்டும்.